காந்தம் கொடுத்த லட்டு

சிங்கப்பூரில் காந்தத்தோடு வரிசையில் நின்று நிம்மதியாகச் சாப்பாடு வாங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது.

பொங்கோலில் ஒரே வீட்டில் மூன்று பேர் குடியிருந்தோம். நான், தேக்காவில் துணிக்கடையில் வேலை பார்த்த சலீம் பாய், நாங்கள் காந்தம் என்று பட்டப்பெயர் வைத்திருந்த பல்கலைக்கழக ஆராய்ச்சியாளன். அவனுடைய உலகமே ஒரு செம்புப் படிகம். அதற்குள் அணுக்கள் சங்கிலியாகக் கோத்து நிற்குமாம். ஒவ்வொன்றும் குட்டிக் காந்தமாம். ஒன்று மேலே பார்த்தால் அடுத்தது கீழே பார்க்குமாம்.

இதைப் பாய்க்கு விளக்க, ஞாயிற்றுக்கிழமை தேக்காச் சாப்பாட்டுக் கடையில் வரிசையையே எதிரும் புதிருமாகத் திருப்பி நிறுத்திவிட்டான்.

"ஏன்லா என்னைத் திரும்பச் சொல்றாரு?" என்று ஓர் ஆன்ட்டி மறுபடி முன்பக்கம் திரும்பினார். அவரைப் பார்த்துப் பின்னால் இருந்தவர் திரும்ப, அடுத்தவரும் திரும்ப, குழப்பம் கடைசிவரை ஓடி, சாம்பார் வாளியோடு வந்தவர்மீது முடிந்தது.

"பாத்தீங்களா பாய்! சங்கிலியிலயும் இப்படித்தான் ஓடும்!"

"சட்டையிலயும் ஓடுது தம்பி" என்றார் பாய், தன்மேல் தெறித்த சாம்பாரைத் துடைத்துக்கொண்டே.

சாதாரணக் காந்தம் குளிரக் குளிர ஒழுங்காகி உறைந்துவிடும். தன்னுடைய சங்கிலி எத்தனை குளிரிலும் அடங்காது என்பது எங்கள் காந்தத்தின் கட்சி. ஆனால் முதல் சோதனையில், உறைந்ததற்கு அடையாளமாக வரைபடத்தில் ஒரு மேடு வந்துவிட்டது. படிகத்தில் ஏதோ அழுக்கு என்றான் இவன். பேராசிரியர் நம்பவில்லை. இன்னொரு படிகம், இன்னொரு வாய்ப்பு. அதுவும் தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தக் கவலையில் ஒருநாள் டீயில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றான். பாய் பயந்துபோனார்.

"தம்பி, நான் அல்லாகிட்ட துஆ செய்றேன். என்னன்னு கேக்கணும்?"

"மேடு வரக்கூடாதுன்னு கேளுங்க பாய்."

கேட்டார்.

ஒரு மத்தியானம் லட்டுப் பெட்டியோடு வந்து எங்கள் மாடி முழுக்கக் கதவு தட்டினான் காந்தம்.

"புரொமோஷனா தம்பி?" என்றார் எதிர்வீட்டு ஆன்ட்டி.

"இல்ல ஆன்ட்டி! கிராஃப்ல ஒண்ணுமே வரல!"

ஆன்ட்டியின் முகம் வாடிவிட்டது. அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, "கவலப்படாத லா, அடுத்த தடவை வரும்" என்றார். காந்தம் சிரித்த சிரிப்பில் லட்டு புரையேறியது.

அந்த முடிவைப் பார்த்து ஜெர்மனியில் வேலை கொடுத்துக் கூப்பிட்டார்கள். விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனோம். பாய் ஒரு கம்பளிச் சட்டையை அவன் கையில் திணித்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பெட்டி வண்டியை நான்தான் தள்ளினேன். அவன் இரண்டு முறை கேட்டும் கொடுக்கவில்லை. வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனேன்.