எட்டு சி வகுப்பின் மௌனம்

கிலாங் எழுந்து நின்று, "காலை வணக்கம், டீச்சர்" என்று பணிவாகச் சொன்னதும் ஹார்த்தினி டீச்சர் வகுப்பு மாறி வந்துவிட்டோமோ என்று வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு சி வகுப்பிலேயே பெரிய வால் அவன். போன வாரம்வரை அவள் வாசல் வழியாக உள்ளே வந்தால் அவன் ஜன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருப்பான்.

கிலாங் மட்டுமா? முப்பத்திரண்டு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரைச்சல் சலதிகா ஊருக்கே கேட்கும் என்று பேர் வாங்கிய வகுப்பில் கடிகாரச் சத்தம் கேட்டது.

இத்தனைக்கும் ஒரு வாரம் முன்புதான் அவள் செமாராங் நகரத்துக்குப் போய், வளரிளம் பருவத்தினரின் மனம் பற்றி மூன்று நாள் பயிற்சி எடுத்து வந்திருந்தாள். பதினாலு வயசுப் பிள்ளையைச் சிநேகிதர்கள் முன்னால் திட்டினால் மனம் சுருங்கிவிடும், மரியாதை கொடுத்தால் மலரும் என்று நோட்டு நிறைய எழுதிக்கொண்டாள். இருபது வருடம் தொண்டையாலேயே ஆட்சி நடத்தியவள், ஊர் திரும்பியதும் குரலைத் தேனாக்கிக்கொண்டாள். அன்றிலிருந்துதான் பிள்ளைகள் இப்படி.

நோட்டைப் புரட்டினாள். திடீர் மௌனம் என்றால் உள்ளே ஏதோ அழுத்தம் என்று போட்டிருந்தது. திட்டித் திட்டி நானே இதுகளைக் கெடுத்துவிட்டேனே என்று துடித்துப்போனாள்.

மருந்தாக இன்னும் இரண்டு கரண்டி அன்பைக் கூட்டினாள். வீட்டுப்பாடம் எழுதாதவனிடம், பரவாயில்லை கண்ணா, மனசு சரியில்லையா என்று விசாரித்தாள். மறுநாள் மொத்த வகுப்பும் வீட்டுப்பாடத்தோடு வந்தது. அவள் பையைத் தூக்கப் பையன்கள் போட்டி போட்டார்கள். மாடிப்படியில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

ஆசிரியர் தன் தவறை ஒப்புக்கொண்டால் பிள்ளைகள் மனம் திறப்பார்கள் என்றது நோட்டின் அடுத்த பக்கம். நோன்புப் பெருநாளன்றுதான் அந்த ஊரில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள். அதற்கு ஐந்து மாதம் இருக்கையிலேயே டீச்சர் வகுப்பின் முன்னால் நின்றாள்.

"இத்தன நாளா உங்கள ரொம்பத் திட்டிட்டேன். எல்லாரும் என்னை மன்னிச்சிடணும்."

முதல் பெஞ்சு நிங்ரும் விசும்பினாள். அது கடைசி பெஞ்சுவரை பரவியது.

பயந்துபோய்ப் பெற்றோரை வரச்சொன்னாள். அவர்கள் கூடை கூடையாக சலாக் பழத்தோடு வந்தார்கள். புள்ள ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். குடும்பம் குடும்பமாக மனஅழுத்தம் என்று குறித்துக்கொண்டாள் டீச்சர்.

அழுகைச் சத்தம் தலைமையாசிரியர் விர்யோனோவின் அறைவரை எட்டியது. அவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"போன மாசம் உங்க வகுப்பு சந்தை. இப்ப எழவு வீடு. சந்தையே தேவலாம் டீச்சர். திங்கக்கிழமையிலேருந்து அத தர்யோனோ சார் பாத்துக்கட்டும்."

டீச்சருக்கு அழுகை முட்டியது. வீட்டில் பேச ஆளில்லாதவளுக்கு அந்த முப்பத்திரண்டும்தான் சொந்தம். ஏழாம் வகுப்பிலிருந்து கட்டி மேய்த்த பிள்ளைகள்.

விஷயத்தைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே வகுப்புக்குள் நுழைந்தாள். அவளுடைய போட்டோ ஒன்றைச் சட்டம் போட்டு, கிலாங் மேஜைமேல் ஏறிச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தான். போட்டோ அவள் கண்ணில் படவில்லை. திருத்தி அடுக்கிய விடைத்தாள்கள் மேல் அவனுடைய சேற்று ஷூ நின்றது. அதுதான் பட்டது.

நோட்டு மறந்தது. இருபது வருடக் குரல் கூரையைத் தொட்டது.

"டேய் கிலாங், எருமை, பேப்பர் மேலயா ஏறி நிக்கற? எறங்குடா. காதைத் திருகிக் கையில குடுத்துடுவேன்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி வகுப்பு வெடித்தது. விசில், பெஞ்சுத் தாளம், கட்டிப்பிடித்துக் குதியாட்டம். திட்டு வாங்கிய கிலாங்தான் எல்லோரையும்விட உயரமாகக் குதித்தான்.

ஓடிவந்த தலைமையாசிரியர் பழைய சந்தையைக் கண்டதும் முகம் மலர்ந்து, வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர் என்று சொல்லிவிட்டு, அப்படி என்னதான் நடந்தது என்று பிள்ளைகளைக் கேட்டார்.

நிங்ரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ஒருத்தங்க திடீர்னு ரொம்ப நல்லவங்களா மாறிட்டா சாவு நெருங்கிடுச்சுன்னு சொல்வாங்கல்ல சார்? எங்க டீச்சர் இப்போதைக்குச் சாக மாட்டாங்க."