தாய்லாந்து கார்புரேட்டரும் எபி ரைடரும்

கர்த்தருடைய கிருபையால் பூனாவில் சுகமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும் என் மகன் எபினேசருக்கு, திருவள்ளூர் மணவாள நகர் வீட்டிலிருந்து அம்மா விக்டோரியா வாழ்த்துச் சொல்லி எழுதுவது. நான் நலம். இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அது உனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ தினமும் சாயங்காலம் போன் செய்கிறாய், இல்லையென்று சொல்லவில்லை. "பார்ட் வந்துச்சா?" என்கிறாய். "வரல நைனா" என்கிறேன். "சரி, வெச்சிடறேன்" என்கிறாய். இதற்குள் நான் எதைச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது? நேற்றுதான் கூட நாலு வார்த்தை பேசினாய். "மாசக் கடைசிக்குள்ள வரலன்னா அந்தத் தாய்லாந்துக்காரன் மேல கம்ப்ளெயின்ட் போட்டு டப்பத் திருப்பி வாங்கிடுவேன், ஃபிராடுப் பய" என்று கத்தினாய். அந்த மனுஷர் மேல் ஒரு தப்பும் இல்லை. நடந்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன், மீட்டிங் இல்லாதபோது நிதானமாகப் படி.

நீ அந்தப் பழைய பைக்கைப் பிரித்து ஹாலில் பேப்பர் விரித்துப் பரப்பினாய். "கார்புரேட்டர் மட்டும் வரட்டும்மா, நானே வந்து மாட்டி எட்த்துக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாய். அன்றிலிருந்து நான் சுவரை ஒட்டி நண்டு மாதிரி நடந்துதான் அடுப்படிக்குப் போகிறேன். சபையிலிருந்து ஜெபம் பண்ண வந்த ரோசம்மாள் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னா விக்டோரியா, ஊட்டுக்குள்ள ஒர்க் ஷாப் வெச்சிக்கினியா?" என்றாள். உட்கார இடமில்லாமல் நின்றபடியே ஜெபித்தாள், அதனால் ஜெபமும் சின்னதாகப் போயிற்று. போகும்போது பார்த்தால் அவள் வெள்ளைச் சேலையில் உன் செயின் கறை.

முதல் போன் வந்தபோது நான் தேர்வாய் கண்டிகையில், எங்கள் கம்பெனி கேன்டீனில், இட்லித் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். கூரியர் ஆபீசிலிருந்து சுகிர்தா என்று ஒரு பெண். "மேடம், உங்க பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது, கே.ஒய்.சி. அனுப்புங்க" என்றாள். ஈரக் கையோடு ஆதாரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். மறுபடி போன். "பார்சல் எபி ரைடர்ங்கிற பேர்ல வந்திருக்கு மேடம். நீங்க விக்டோரியா. எபி ரைடர் யாரு?"

"என் புள்ளதாம்மா."

"ரைடர்னு ஆதார் கீதா?"

ஞானஸ்நானத்தில் பாஸ்டர் உனக்கு எபினேசர் என்று பேர் வைத்தார். ரைடர் என்று எந்தச் சபையில் வைத்தார்கள்? பிறகு நீ மீட்டிங் முடிந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து உன் ஆதாரை அனுப்பி, நானும் "இவன் என் மகன், இவனுக்கு ரைடர் என்பது இவனே வைத்துக்கொண்ட பேர்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பி, அதை ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த சிக்கல், பெட்டி மேல் அந்தக் கடைக்காரர் நல்லது செய்வதாக நினைத்து 'கிஃப்ட்' என்று எழுதிவிட்டார். உடனே சுகிர்தா, "அனுப்புனவரு உங்களுக்கு இன்னா ஒறவு மேடம்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தாய்லாந்துல யாரும்மா கீறாங்க? மணவாள நகர்லயே யாரும் இல்ல" என்றேன். அந்தப் பெண் 'உறவு இல்லை' என்று எழுதிக்கொண்டாள். அப்புறம், கிஃப்ட் என்றாலும் வரி உண்டு, பில்லை அனுப்பச் சொல்லுங்கள் என்றாள். பில்லும் வந்தது. பொருளுக்கு வரி போட்டார்கள். பொருள் வந்த விமானக் கூலிக்கும் சேர்த்து வரி போட்டார்கள். அந்த வரியை நமக்காக முன்னால் கட்டியதற்குக் கூரியர்காரர்கள் ஒரு கட்டணம் போட்டார்கள், அந்தக் கட்டணத்துக்கும் ஒரு வரி. இந்தப் பணத்துக்கு அந்தக் கார்புரேட்டரே தன் கையால் டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருக்கும். கட்டினேன். எல்லாம் முடிந்து, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்று சுகிர்தா கேட்டாள். எல்லோரிடமும் அப்படித்தான் கேட்க வேண்டுமாம். எனக்கு அது தெரியாமல், முழங்காலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பாவம், முழுசும் கேட்டாள்.

கடைக்காரர் பேர் சோம்சாய். நீதான் அந்தக் கடை ஆப்பில் உன் ஐடியை என் போனில் போட்டுக்கொடுத்து, "நீயே பேசிக்கம்மா" என்றாயே, அதில்தான் பேசுகிறோம். நான் தமிழில் எழுதினால் அது அவருக்கு அவர் பாஷையில் போகிறது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, கும்பிடுகிற யானைப் படம் அனுப்பினார். கடைசியில், "சோறு தின்றாயா அம்மா?" என்று வந்தது. மொழிபெயர்ப்பு மரியாதை இல்லாமல் இருந்தாலும் விஷயம் நல்ல விஷயம். தின்றேன் என்று போட்டேன். உண்மையில் அப்போது தின்னவில்லை, அப்புறம் பொய்யாகிவிடுமே என்று எழுந்துபோய் ரசம் ஊற்றித் தின்றேன்.

இத்தனைக்கும் பிறகு பார்சல் வீட்டு வாசல் வரை வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு ஆளு வந்து ரைடர் சார், ரைடர் சார்னு கூவிக்கினே இருந்தான். அப்டி யாரும் இங்க இல்ல, இந்த ஊட்ல ஒரே ஒரு பொம்பள, அதுவும் காலைல போனா இருட்டனப்புறம்தான் வரும்னு சொல்லித் தொரத்திட்டேன்" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னாள். திரும்பிப் போன பெட்டியை எவனோ திருவள்ளூருக்குப் பதிலாகத் திருவாரூர் வண்டியில் ஏற்றிவிட்டான். திருவாரூர் ஆபீசிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "தேரடியில எந்தப் பக்கம்மா உங்க வீடு?" என்றார். இந்த ஊரில் தேரடி இருக்கிற தெருவை நான் அவருக்கு விளக்க, அந்த ஊரில் அதை அவர் தேட, கடைசியில் இரண்டு பேருக்கும் பேஜாராகி, ஊர் மாறிய விஷயம் அப்புறம்தான் விளங்கிற்று.

அங்கிருந்து திரும்பும் வழியில் லாரி மழையில் மாட்டி, பெட்டி நனைந்து, நனைந்ததால் எடை கூடி, எடை கூடியதால் சந்தேகம் வந்து மறுபடியும் கஸ்டம்ஸுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஒரு மோப்ப நாய் அதன் மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறதாம். பெட்ரோல் வாசனை அதற்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. நாயைப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னால்தான் அது எழுந்திருக்கும், அவரோ மகள் சடங்குக்கு லீவில் போயிருக்கிறார். அதிகாரிகளே அந்த மேசைப் பக்கம் போகப் பயப்படுகிறார்கள். ஆகவே இன்னும் கொஞ்ச நாள் ஆகும். பொறுமையாக இரு. அவசரப்பட்டு யார் மேலும் கம்ப்ளெயின்ட் போடாதே. தினமும் விசாரித்துக்கொண்டிரு, அது போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி தலைக்குக் குளிக்காதே. உன் ரூம்காரப் பையன்களுக்கும் என் விசாரிப்பைச் சொல். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், முக்கியமாக வரத்தை.

உன் அன்புள்ள அம்மா,
விக்டோரியா

பின்குறிப்பு: மேலே திருவாரூர் வரைக்கும் எழுதியதெல்லாம் நிஜம். மழை, நாய், சடங்கு மூன்றும் நான் சொந்தமாக எழுதியது. திருவாரூரிலிருந்து பெட்டி ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது, நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பீரோவில் என் பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கிறது, பிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் நீ "வந்துச்சா?" என்று கேட்டபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்துவிட்டது என்றால் ஒரு நாள் வந்து பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவாய், அப்புறம் எதற்குத் தினமும் போன் பண்ணுவாய் என்று ஒரு நினைப்பு வந்தது, "வரல நைனா" என்று வாய் சொல்லிவிட்டது. மறுநாளும் அதே வாய்தான். இப்போது நீ சோம்சாயை ஃபிராடு என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. புகார் கொடுக்கப் போனால் நீதான் அசிங்கப்படுவாய், அவருக்கு உன் பேரிலேயே ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டேன். கோபமாக இருந்தால் போனில் திட்டு, அவசரமில்லாமல் திட்டு. அப்புறம் இன்னொன்று. அந்த பைக்குக்கு வேறு ஏதாவது பார்ட் தேவைப்பட்டால் பாரீஸ் கார்னரில் தேடாதே, வெளிநாட்டிலிருந்தே வரவழை. வரியை நான் கட்டிக்கொள்கிறேன்.