எதிரிக்கு வாய் திறந்துவிட்ட மருமகனுக்கு

அன்பும் அறிவும் நிரம்பிய (இரண்டாவதில் இப்போது சந்தேகம்) மருமகனுக்கு, மூக்குக்கண்ணாடிக் கடை மாமன் எழுதுவது. இங்கே உன் அத்தை நலம், கடை நலம், நான் மட்டும் மானம் போய் உட்கார்ந்திருக்கிறேன். காரணம் நீ.

உங்கள் கம்பெனியின் சண்டை விளையாட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்தவனே நீதான். "மாமா, நீங்க சிவப்புப் படை. நீலப் படைக்காரன் என்ன டைப் பண்ணாலும் உங்களுக்குக் கிறுக்கலாத்தான் வரும், நீங்க பண்றதும் அவனுக்கு அப்படித்தான். கும்பிடலாம், கைதட்டலாம், குட்டிக்கரணம் போடலாம், அவ்வளவுதான்" என்றாய். ஆஹா, எப்பேர்ப்பட்ட ஏற்பாடு! எல்லாக் குடும்பங்களுக்கும் இதைச் செய்து கொடுத்திருந்தால் பாதி கோர்ட்டுகளை இழுத்துப் பூட்டியிருக்கலாம்.

ஆற்றுப் பாலத்தின் இந்தப் பக்கம் நான் காவல். அந்தப் பக்கம் தினமும் ஒரு நீலப் படைக்காரன் வருவான். பீரோவுக்குக் கைகால் முளைத்த மாதிரி உருவம், தோளில் கோடாலி. நடுங்கிக்கொண்டே கும்பிட்டேன். அவனோ கோடாலியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து முழம் முழமாகக் கிறுக்கல் அனுப்பினான். கைதட்டினேன். இன்னும் நீளமாக அனுப்பினான். குட்டிக்கரணம் போட்டேன். கடையில் ஒரு அம்மா ஒற்றைக் கண்ணில் லென்ஸோடு சுவரிலுள்ள எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்க, நான் இரண்டு சாம்ராஜ்யங்களுக்கு நடுவே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். பாலத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. எங்கள் படைத்தலைவர், நிஜத்தில் பல் டாக்டர், எனக்குப் 'பாலத்துத் தூதர்' என்று பட்டமே கொடுத்தார். உன் அத்தைதான், "சொந்தக்காரங்களப் பாத்தா ஒரு கும்பிடு கிடையாது, எதிரிக்கு மட்டும் ரெண்டு கையும் எழும்புது" என்றாள். அவளுக்கு ராஜதந்திரம் புரியாது.

போன வாரம் உங்கள் கம்பெனி என்ன செய்தது? இனி எதிர்ப்படையோடும் பேசலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அந்தக் காரியத்தைச் செய்தவனே நீயாம். உன் அம்மா ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறாள். மொத்தச் சிவப்புப் படையும் பார்த்துக்கொண்டிருக்க, "வணக்கம் வீரரே, நம் உடன்படிக்கை வாழ்க!" என்று அனுப்பினேன். வந்த பதில்: "ஐயோ, நீங்க மனுஷனா? கம்பெனிக்காரன் பாலத்துல நட்டு வச்ச பொம்மைன்னுல்ல நெனச்சேன்!"

பொம்மை! உன் தாய்மாமனைப் பார்த்து! பல் டாக்டர் எழுத்தில் சிரித்த சிரிப்பே என் காதைக் கிழித்தது. பட்டத்தையும் பிடுங்கிக்கொண்டார். அதுகூடப் போகட்டும். "சாரி சார்" என்று ஓடிய அந்த நீலப் பீரோ அப்புறம் பாலத்துப் பக்கமே வரவில்லை. எனக்கென்று இருந்த ஒரே எதிரியும் போய்விட்டான், மருமகனே! ஆகவே அந்தக் கதவை உடனே மூடு. இல்லாவிட்டால் உன் ஆபீஸுக்கு வந்து, வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லாரிடமும், நீ எந்த வயதுவரை பால் பாட்டிலோடு திரிந்தாய் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன்.

நூறு யானை பலத்தோடும் ஒரு யானைக்குண்டான புத்தியோடும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பட்டம் பறிபோன மாமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அந்த நீலப் படைக்காரன் பாலத்துக்குத் திரும்பி வந்துவிட்டான். "பொம்மைதானேன்னுதான் சார் எல்லாத்தையும் கொட்டுனேன். வேலை போச்சு, வீட்ல இன்னும் சொல்லல. அதச் சொன்னப்ப நீங்க கைதட்டுனீங்க. அழுகையா வருதுன்னேன், குட்டிக்கரணம் போட்டீங்க. எத்தனையோ நாளைக்கப்புறம் அப்பதான் சிரிச்சேன்" என்றான். நான் உடனே வேலை தேடும் முறை, வீட்டில் சொல்லும் முறை, தைரியமாக இருக்கும் முறை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் விளக்கினேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பொம்மையாவே இருந்திருக்கலாம்" என்றான். ஆகையால் கதவை மூடாதே. அவன் சொல்வது எனக்குப் புரியட்டும். நான் சொல்வதை மட்டும் பழையபடி கிறுக்கலாக்கிவிட முடியுமா?