சக்கர நாற்காலி மட்டும் போய்வந்தது

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் நலத்தைக் குடும்பக் குழுவில் நீ போட்ட ஏழு நிமிடக் குரல்பதிவிலிருந்தே தெரிந்துகொண்டேன்: கார் ஓடுகிறது, தொண்டை கட்டவில்லை. உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். எந்த வாக்கியம் எங்களுக்கு, எது உன் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு, எது பக்கத்து வண்டிக்காரனுக்கு என்று பிரித்தெடுக்கவே மூன்று முறை தேவைப்பட்டது. "ரொம்ப நாளா இடத்தை அடைச்சிக்கிட்டு இருக்கு, தூக்கிக் கடாசு" என்றது அப்பாவைப் பற்றி இல்லை என்று நம்புகிறேன். சித்தப்பா அப்படித்தான் புரிந்துகொண்டு இரண்டு அழுத முகம் போட்டிருந்தார். சலித்தெடுத்ததில் கடைசியாக மிஞ்சியது இதுதான்: அக்காவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓடாது, டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார், அதனால் ஒன்றாம் தேதி அப்பாவை நீ உன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறாய்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது உண்மை. நாற்பத்தேழு வயதில் எனக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, நீ அளவுக்கு மேல படிச்சிட்டே, அதான்." இரண்டு வருடமாக ஒன்றுமில்லாமல் இருந்தது, அப்பாவைக் கூட்டிப் போகவேண்டும் என்றதும் ஒரே வாரத்தில் எப்படி முற்றியது? ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு என் மூளை தாவாது. இந்த வீட்டைப் பூட்டி, நடந்துபோய், அடுத்த வீட்டைத் திறக்கவேண்டும். நடுவில் கூப்பிட்டால் இரண்டு வீட்டிலும் இருக்கமாட்டேன், தெருவில் நிற்பேன். இதை நான் மறைத்ததே இல்லை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்துமூன்று வருடமாக எனக்குச் சம்பளம் கொடுப்பதே இதற்குத்தான்: கண்ணாடிக் குழாயிலிருந்து துளித்துளியாக மருந்தை விட்டு, எந்தத் துளியில் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று பார்ப்பது. பக்கத்து மேசைக்காரி கதை பேசிக்கொண்டே அதைச் செய்வாள். அவள் சோதித்த தண்ணீரை நான் குடிப்பதில்லை.

போன மாதம் என்னைப் பழக்கிவிடுவதற்காக ஒரு வாரம் விடுப்பெடுத்து வந்தாயே, அந்தக் கதையைக் குரல்பதிவில் விட்டுவிட்டாய். "அடுப்பு எரியும்போதே போன் பேசு, பேசிக்கிட்டே அப்பாவுக்குப் பதில் சொல்லு, எல்லாம் ஒரு பழக்கந்தான்கா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாய். குக்கர் கத்தியது, போன் அடித்தது, அப்பா கூப்பிட்டார், வாசல் மணியும் அடித்தது. நான் அடுப்பை அணைத்தேன். போனை அணைத்தேன். மணியின் சுவிட்சையும் அணைத்தேன். பிறகு நிதானமாக அப்பாவிடம் போய், "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, மணி அடிக்குதே, யாருன்னு பாரு" என்றார். மணி அடிக்கவில்லை, ஆகவே யாரும் இல்லை என்றேன். நீ வாசல் வெயிலில் பதினெட்டு நிமிடம் நின்றாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாப்பாடு அடிப்பிடிக்கவில்லை, அப்பா எழுந்து ஓடிவந்து விழவில்லை, நீயும் அங்கே நின்றபடியே இரண்டு மீட்டிங் முடித்ததாகப் பெருமையடித்தாய். யாருக்கு என்ன நஷ்டம்?

இப்போது உன் பக்கம். செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளர் ஒருவரைச் சமாதானப்படுத்திக்கொண்டே அப்பாவின் சட்டையை வாஷிங் மெஷினில் போட்டாய். பையில் அவருடைய காதுக் கருவி இருந்தது. நன்றாக வெளுத்தது. வியாழக்கிழமை, நீ இருக்கிறாயே என்ற தைரியத்தில் நான் மூன்று மாத விடுப்புக்குப் பிறகு முதல்முறையாக ஒரு நாள் வேலைக்குப் போனேன். அன்று நடந்தது எனக்கு வரிசையாகத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிவைத்திருக்கிறேன். அப்பாவின் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிந்திய பரிசோதனை, பதினோரு மணிக்கு. வீட்டைப் பூட்டினாய், அப்பாவை வாசல்படியில் உட்காரவைத்தாய், சக்கர நாற்காலியை மடித்து டிக்கியில் ஏற்றினாய், ஃபைலை முன் இருக்கையில் வைத்தாய், காதில் ஆபீஸ். ஏறினாய், போனாய். வழிநெடுக, "அப்பா, தூக்கம் வரலைன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க" என்று பின் இருக்கைக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போயிருக்கிறாய். பதில் வராதது உனக்கு வித்தியாசமாகவே படவில்லை. அவர் பதில் சொல்ல நீ எப்போது இடம் விட்டாய்? ஆஸ்பத்திரி வாசலில் ஊழியர் நாற்காலியை விரித்து, "யாரும்மா உக்காரணும்?" என்று கேட்டிருக்கிறார். நீ திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய் டோக்கன் வாங்கி, முறை வந்ததும் ஃபைலை மேசையில் வைத்திருக்கிறாய். டாக்டர், "பேஷண்ட் எங்கம்மா?" என்றிருக்கிறார். "பின்னாடி வர்றார் சார்." வந்தது காலி நாற்காலி.

எழுபது நிமிடம். இடுப்பில் உலோகம் வைத்த எழுபத்தெட்டு வயது மனிதர், காது கேட்காமல், கைத்தடி இல்லாமல், பூட்டிய கதவுக்கு வெளியே. எதிர்வீட்டுத் தையல்காரர் மட்டும் பார்க்காமல் இருந்தால்? ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்கிறவர்கள் நான்கையும் செய்வதில்லை, நான்கையும் தொட்டுவைக்கிறார்கள். அதற்குச் சுறுசுறுப்பு என்று பெயர், பாராட்டு, பதவி உயர்வு. ஒன்றையே முழுதாகச் செய்கிறவளுக்கு மருத்துவச் சான்றிதழ்.

நான் அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேள். அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, கடைசி வாய் விழுங்கும்வரை வேறெதையும் பார்ப்பதில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினோரு அடி. பதினொன்றும் அவர் பாதத்தில்தான் என் கண். நடுவில் அவர் பேசினால் உட்காரவைத்த பிறகுதான் பதில். பகலில் தூங்கினால் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். அந்த வியாழக்கிழமை தவிர, இந்த நான்கு மாதத்தில் ஒரு கணம்கூட அவரை என் பார்வையிலிருந்து விட்டதில்லை. இப்படிப் பார்த்துக்கொள்ள உன்னால் முடியுமா?

ஆகவே அப்பா இங்கேதான் இருப்பார். ஒன்றாம் தேதி நீ வரவேண்டாம். எல்லா நலமும் உனக்கு வந்து சேரட்டும், ஒவ்வொன்றாகச் சேரட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உன் அக்கா

பி.கு.: ஒளித்து எழுதிப் பழக்கமில்லாததால் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம், தலை நிமிராமல் படித்தார். எதிரில் உட்கார்ந்து, அவர் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. ஒண்ண மட்டும் விட்டுட்டே."

"என்னப்பா?"

"அந்த எழுபது நிமிஷம், மூணு மாசத்துல முதல் தடவையா என்னை யாரும் பாக்கலம்மா. தையக்காரன் பாதி சிகரெட் குடுத்தான். தெருவுல போறவன் வர்றவன எல்லாம் நான் பாத்தேன். சின்னவ வீட்டுக்கே போறேனே. அங்க என்னைப் பாக்க அவளுக்கு நேரமே இருக்காது."

இதைப் பற்றி மட்டும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வா. ஞாயிறுதோறும் நான் அங்கே வருவேன். அவரைப் பார்க்கமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பேன், அதை மட்டும். காரை எடுக்குமுன் பின் இருக்கையை ஒருமுறை திரும்பிப் பார்.