அட்டைப்படத்துப் பச்சை கவுன்

"மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா முதுகு மட்டும்தான்கா மிஞ்சும்!"

தையல்காரி பல்லிடுக்கில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஜிப்பை இழுத்தாள். அது இடுப்பு வரை வந்து அங்கேயே குடியேறிவிட்டது.

பேங்க் கேஷியர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். பிறகு தையல் மெஷின் மேலிருந்த பெண்கள் பத்திரிகையைப் பார்த்தாள். அட்டையில் ஒரு பெண் அதே பச்சை கவுனில் சிரித்துக்கொண்டிருந்தாள். துணி அவள் உடம்போடு எண்ணெய் மாதிரி வழிந்தது. மருந்துக்குக்கூட ஒரு சுருக்கம் இல்லை. கீழே கொட்டை எழுத்தில், 'எந்த உடம்புக்கும் பொருந்தும்!'

"எந்த உடம்புக்கும்னு போட்டிருக்கான். அப்ப என்னோடது உடம்பே இல்லையா?"

"உடம்புல ஒரு குறையும் இல்ல. பக்கத்துல கொஞ்சம் பிரிச்சு விடறேன், பாருங்க."

பிரித்து விட்டாள். கவுன் தலையணை உறை மாதிரி தொங்கியது. திரும்பப் பிடித்துத் தைத்தாள். ஜிப் ஏறியது, கை ஏறவில்லை. அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன கேஷியர், கவுன்ட்டருக்கு வெளியே கையை நீட்ட முடியாமல், பணம் எடுக்க வந்தவர்களை எல்லாம் உள்ளே கையை விட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னாளாம். மேனேஜர் அலறிவிட்டார்.

இதையெல்லாம் தையல்காரியால் விட்டுத்தள்ள முடியவில்லை. பள்ளிச் சீருடைக்கும் பேன்ட் மடிப்புக்குமே காலத்தைக் கழித்தவள், முதன்முறையாக ஆசைப்பட்டு, 'இதே கவுன் இங்கே தைத்துத் தரப்படும்' என்று கடை வாசலில் எழுதி மாட்டியிருந்தாள். தெருவில் பாதிப் பேர் துணியோடு வந்துவிட்டார்கள்.

பத்திரிகையின் உள்பக்கத்தில் பரிகாரமும் போட்டிருந்தான். 'கவுன் பொருந்தவில்லையா? காலைச் சாப்பாட்டை விடுங்கள்!' கேஷியர் விட்டாள். கன்னம் ஒட்டியது, கோபம் வளர்ந்தது, இடுப்பு மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அடுத்து வந்தவள் தையல்காரியின் நாத்தனார். கணவனின் அக்கா, பள்ளித் தலைமை ஆசிரியை. பள்ளி ஆண்டு விழாவுக்குப் பச்சை கவுன்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"அண்ணி, போட்டுக்கிட்டு உக்காராதீங்க. நின்னுக்கிட்டே இருங்க."

"விழாவுல தலைமையாசிரியை உக்காராம வாட்ச்மேன் மாதிரி நிக்கவா?" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டப்!

பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் கணவன் ஜாக்கியோடு ஓடிவந்தான். "எந்த டயரு?"

"உங்க அக்கா!" என்றாள் தையல்காரி, பதற்றத்தில்.

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மானம் போய்விடும். "உனக்குத் தைக்கத் தெரியலன்னு சொல்லு. என் இடுப்பு மேல பழியப் போடாதே."

அந்த ஒரு வார்த்தை தையல்காரிக்குச் சுருக்கென்று தைத்தது. கண் கலங்கிவிட்டது. கணவன் ஜாக்கியைக் கீழே வைத்தான். "அழாதே. உன் அளவுக்கு ஒண்ணு தைச்சு நீயே போட்டுப் பாரு. தப்பு தையல்லயா, ஆள்லயான்னு தெரிஞ்சிடும்."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. படத்தைக் கண்ணெதிரே ஒட்டி வைத்து, நூல் பிசகாமல் தைத்தாள். திரைக்குப் பின்னால் போய்த் தலைவழியாக மாட்டினாள். தலை வந்தது. கைகள் இரண்டும் மேலே தூக்கியபடியே நின்றுவிட்டன. கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் கழலவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கேஷியர், "அக்கா, என் கவுன வேற யாருக்காவது குடுத்துடுங்க, எனக்குப் பசிக்குது" என்று நுழைந்தாள். பின்னாலேயே நாத்தனார், கிழிந்த கவுனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. திரை விலகியது. கைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற தையல்காரியை இருவரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"யாரும்மா துப்பாக்கியக் காட்டினது?" என்றாள் நாத்தனார்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கேஷியர் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் ஒரு கையையும் கேஷியர் இன்னொரு கையையும் பிடித்து இழுக்க, உள்ளே இருந்தவள், "மெதுவா, மெதுவா, துணி மீட்டர் என்ன விலை தெரியுமா!" என்று கத்தினாள்.

இந்த அமளியில் வாசலில் ஒருத்தி வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. வியர்த்த முகம், அள்ளி முடிந்த கொண்டை, மூக்குக் கண்ணாடி, இரண்டு கையிலும் காய்கறிப் பை. நல்ல வாட்டசாட்டமான உடம்பு. கக்கத்தில் அதே பத்திரிகை.

"போர்டு பாத்து வந்தேன். இதே கவுன் எனக்கும் ஒண்ணு தைக்கணும்."

மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "வேண்டாம்!"

"ஏங்க?"

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் தையல்காரி, கவுனுக்குள்ளிருந்து. "அந்தப் பொண்ணு உடம்பு வேற, நம்ம உடம்பு வேற. அவளத் தவிர இந்த உலகத்துல ஒருத்திக்கும் இது பொருந்தாது."

வந்தவள் பைகளைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். பத்திரிகையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அட்டையில் இருந்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"அந்தப் பொண்ணு நான்தாங்க. போட்டோ எடுத்தப்ப முன்னாடி மட்டும்தான் கவுன், பின்னாடி பூராவும் துணி காயப்போடுற கிளிப்பு!"