தேக்கிலை வாங்கிய கரடி

மின்சாரக் கம்பிகள் வந்து சேர்ந்து, மின்சாரம் மட்டும் இஷ்டத்துக்கு வந்து போகும் ஒரு காட்டில் தாண்டவராயன் என்ற குரங்கு வாழ்ந்துவந்தது. காட்டோரத்தில் வனத்துறை விடுதி ஒன்று இருந்தது. அதன் காவலாளி மதியச் சாப்பாடு முடித்துத் தொலைக்காட்சி போடுவார். தாண்டவராயன் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்க்கும்.

ஒரு நாள் பழைய நகைச்சுவைப் படம் ஒன்று ஓடியது. பெரிய கூடம் ஒன்றில் டை கட்டிய மனிதர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள், விரல்களை ஆட்டினார்கள், காகிதங்களை வீசினார்கள். இன்னும் விளையாத விளைச்சலை அங்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். மணி அடிப்பதற்குள் முதலாளி எடுபிடி ஆனார், எடுபிடி முதலாளி ஆனான். காவலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

தாண்டவராயன் நேராக நரி அம்பலவாணனிடம் ஓடியது.

"அண்ணே, பெரிய தொழில் ஒண்ணு பார்த்துட்டு வந்தேன்" என்று ஒன்று விடாமல் சொன்னது.

அம்பலவாணன் பொறுமையாகக் கேட்டது. "அந்த விளைச்சலை யாரு சுமந்தா?"

"யாருமே சுமக்கலண்ணே. விளைச்சலையே படத்துல காட்டல."

"அப்ப நல்ல தொழில்தான்" என்றது நரி.

மறுநாளே பாறையடியில் சந்தை கூடியது. 'ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஒரு கூடை நாவல்பழம்' என்று தேக்கிலையில் கீறி, கீழே நரி தன் கால்தடத்தைப் பதித்துக் கொடுத்தது. எப்படிக் கத்த வேண்டும் என்று தாண்டவராயன் சொல்லிக்கொடுத்தது.

முதல் நாள் கூட்டம் இல்லை. தேனம்மை என்ற கரடி மட்டும் இரண்டு குட்டிகளோடு வந்தது. அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. புற்றுகளைத் தோண்டினால் மண்தான் வந்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்த கடைசித் தேனடையை நரியிடம் கொடுத்து, பதினோரு இலைகளை வாங்கியது. "ஆனி வரைக்கும் எப்படியாவது ஓட்டிட்டா, அப்புறம் பழம் இருக்கு" என்று குட்டிகளிடம் சொன்னது.

அடுத்த வாரம் மான் ஒன்று வாங்கியது. அதைப் பார்த்து முயல் வாங்கியது. முயலே வாங்கிவிட்டதே என்று காட்டெருமை வாங்கியது. விலை ஏறியது. மேய்ச்சலை விட்டுவிட்டு எல்லாரும் பாறையடியிலேயே நின்று கத்தினார்கள். முயல் தன் வளையை விற்று இலை வாங்கிவிட்டு வெயிலில் படுத்துக்கொண்டது. மாசம் திரும்புவதற்குள் ஆயிரம் இலைகளுக்கு மேல் கைமாறியிருந்தன. காட்டில் இருந்த நாவல் மரம் ஒன்றே ஒன்று.

மானுக்குத் தேனம்மை மேல் அக்கறை. "அக்கா, உங்க இலை இருபது மடங்கு ஏறியிருக்கு. வித்துடுங்க."

"வித்துட்டு?"

"விலை இறங்கினதும் திரும்ப வாங்கலாம்."

"எதை?"

"இலையைத்தான்."

"எம்புள்ளைங்க தேக்கிலை திங்காதுங்களே" என்றது கரடி. மானுக்கு அது பாவமாக இருந்தது. படிக்காத கரடி என்று நினைத்துக்கொண்டது.

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு குட்டிகளுக்கும் விலா எலும்பு தெரிந்தது. தேனம்மை பதினோரு இலைகளையும் பாறைமேல் பரப்பி வைத்துச் சொன்னது: "பழத்தைக் குடுங்க."

கூவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கரடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்பலவாணன் மெல்லக் குரங்கின் காதைக் கடித்தது. "படத்துல இந்த இடத்துல என்னடா வரும்?"

"இந்த இடமே படத்துல இல்லண்ணே."

அப்போதுதான் எல்லாரும் முதல்முறையாக, பாறையை ஒட்டி நின்ற அந்த நாவல் மரத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். இருபது கூடை தேறினால் அதிகம். அடுத்த நிமிஷம் விலை தலைகுப்புற விழுந்தது. காட்டெருமை கண்ணீர்விட்டு அழுதது. முயல் தன் வளை இருந்த திசையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

விசாரணை அதிகாரியான யானை துரைசிங்கத்திடம் நரி ஓடிப்போய்ப் புகார் கொடுத்தது. துரைசிங்கம் கைவசம் இருநூறு இலைகள் இருந்தன. அதனால் உடனே நடவடிக்கை எடுத்தது.

"அம்மா, உன்னால சந்தையே சாய்ஞ்சு போச்சு. இந்தப் பழத்தை என்ன நோக்கத்துல வாங்கினே?"

தேனம்மை வாயைத் திறப்பதற்குள் யானை ஒரு படிவத்தை நீட்டியது. "யோசிச்சுச் சொல்லு. திங்கிற நோக்கம்னா அது மோசடி, உன் இலை அத்தனையும் ரத்து. வியாபார நோக்கம்னா மூணு பிரதி எழுதிக் கால்ரேகை வச்சுட்டுப் பழத்தை எடுத்துட்டுப் போ. வரிசையில வா."

வரிசையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் தேனம்மை வரிசையில் நின்றது.

படிவத்தில் ஒரே கேள்விதான் இருந்தது: 'விண்ணப்பதாரருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ பசி உண்டா?'

அந்த நேரம் சின்னக் குட்டியின் வயிறு 'குர்ர்ர்' என்று நீளமாக இரைந்தது. யானை காதை விரித்தது.

"என்ன சத்தம் அது?"

தேனம்மை அதுவரை பொய் சொன்னதில்லை. குட்டியைப் பார்த்தது. யானையைப் பார்த்தது.

"விலை கூவிப் பழகுதுங்க ஐயா" என்றது. 'இல்லை' என்ற கட்டத்தில் கால்ரேகையை அழுத்தி வைத்தது. அந்தக் காட்டில் ஒரு கரடி கரடி விட்டது அதுதான் முதல் தடவை.

பதினோரு கூடை பழம் இறங்கியது. கரடியும் குட்டிகளும் அவற்றைத் தள்ளிக்கொண்டு பாறைக்குப் பின்னால் மறைந்தார்கள்.

நரி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பாறைமேல் தாவி ஏறிக் கத்தியது: "பசியே இல்லாத கரடி பதினோரு கூடையைத் தூக்கிட்டுப் போகுதுன்னா என்ன அர்த்தம்? பதுக்குறா! விலை ஏறப்போகுது!"

சந்தை மறுபடி சூடு பிடித்தது. மாலைக்குள் இலையின் விலை பழைய உச்சத்தையும் தாண்டியது. காட்டெருமை கண்ணைத் துடைத்துக்கொண்டு கையிருப்பை இரட்டிப்பாக்கியது. "அக்கா லேசுப்பட்ட ஆளில்ல, எப்படிக் கணக்குப் போட்டிருக்காங்க பாரு" என்று மான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி வியந்தது.

பாறைக்குப் பின்னால் இரண்டு குட்டிகள் நாக்கு ஊதா நிறமாகும்வரை தின்றுகொண்டிருந்தன. அவற்றின் அம்மா ஒரு சத்தமும் வெளியே போகாமல் காவல் இருந்தது.

இதனால் காட்டார் கற்ற நீதி: சந்தையில் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். அது தேவைப்படுகிறது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடக் கூடாது.