ரைட்டர் எழுதாத புகார்

இனி என் வீட்டில் அந்த நாடகம் ஓடக் கூடாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். முடிவை மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அது முடிவாக இருக்காது, பேச்சுவார்த்தை ஆகிவிடும்.

நான் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். கதை எழுதுகிற ரைட்டர் இல்லை, புகார் எழுதுகிற ரைட்டர். எழுதுவதற்குக் கையெழுத்து போதும். எழுதாமல் விடுவதற்குத்தான் திறமை வேண்டும். வழக்குப் போடுவது எங்கள் ஸ்டேஷனில் வழக்கமில்லை.

அந்த நாடகம் சாயங்காலம் ஏழு மணிக்கு வரும். முகமூடி போட்ட ஒருவன் லஞ்சம் வாங்கும் போலீஸ்காரர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய லாக்கப்பிலேயே உட்கார வைத்து உதைப்பான். டிவியில் ஒருவன் அடி வாங்குவான். என் மனைவி திரும்பி என்னைப் பார்ப்பாள். விளம்பரம் வரும். அப்போதும் என்னைத்தான் பார்ப்பாள்.

"ஏங்க, நிஜமாவே இப்படியெல்லாம் நடக்குமா?"

"எது? முகமூடி போட்டு அடிக்கறதா?"

"இல்லை. அதுக்கு முன்னாடி நடக்கறது."

இந்த மாதிரிக் கேள்விகளோடு ஒரு மனிதன் எப்படிச் சாப்பிடுவது? மொட்டை மாடிக்குப் போய்க் கேபிளை வெட்டினேன். கீழே வந்து, காக்கா கொத்திவிட்டது போல என்றேன். அவள் நம்பியது போலத் தலையாட்டினாள். மறுநாள் ஏழு மணிக்குக் கீழ்வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே டிவி இருப்பது எனக்கு மறந்தே போயிற்று.

கீழ்வீட்டில் தையல்காரர் குடும்பம். போன மாதம் ஒரு மணல் லாரி அவருடைய வலது பாதத்தில் ஏறி இறங்கியது. தையல் மிஷினை மிதிக்கிற பாதம். லாரி ஒரு காண்ட்ராக்டருடையது. அது மணல் இறக்கிவிட்டுத் திரும்பிய இடம், எங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா கட்டிக்கொண்டிருந்த புது வீடு. இதற்கு மேல் ஒரு ரைட்டருக்கு விளக்கம் தேவையில்லை. தையல்காரர் மனைவி புகாரோடு வந்தபோதெல்லாம் நாளைக்கு வரச் சொன்னேன். அந்த அம்மாவும் நாளைக்கு வந்துகொண்டே இருந்தார்.

விளம்பர இடைவேளையில் அந்த அம்மா இதையெல்லாம் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது. ஏனென்றால் மேலே வந்தவள் சண்டை போடவில்லை. தட்டில் ஒரு கரண்டி கூடவே போட்டாள். சட்டைக்கு இஸ்திரி போடும்போது மெதுவாகக் கேட்டாள்.

"பெரிய அதிகாரி அம்மா ஸ்டேஷனைப் பார்க்க வர்றாங்கன்னீங்களே, என்னைக்கு?"

"திங்கக்கிழமை. காலர் நல்லா நிக்கணும்."

"நிக்க வெச்சுடறேன்."

கேபிளை வெட்டியதில் குடும்பமே திருந்திவிட்டது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அதிகாரி அம்மா எங்கள் மேஜைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் பின்னால் குனிந்தபடியே நடந்தார். வாசலில் கட்டை ஊன்றும் சத்தம். தையல்காரர் வந்தார். ஒரு பக்கம் அவர் மனைவி தாங்கிப் பிடித்திருந்தார். மறு பக்கம் என் மனைவி.

"என்னம்மா விஷயம்?" என்றார் அதிகாரி.

"ரெண்டு புகார் குடுக்கணும்மா," என்றாள் என் மனைவி. "ஒண்ணு, லாரிக்காரர் மேல. இன்னொண்ணு, அந்தப் புகாரை வாங்காம அலைய விட்ட ரைட்டர் மேல."

"ரைட்டர் யாரு?"

"காலர் நல்லா நிக்குதே, அவருதான். என் வீட்டுக்காரர்."

நான் இன்ஸ்பெக்டர் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னை முதல் முறை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"அப்படியா செஞ்சீங்க, ரைட்டர்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பாவம்யா, கால் போன மனுஷன்."

அவர் குரல் தழுதழுத்தது. இவ்வளவு நல்ல நடிகர் எந்த நாடகத்திலும் இல்லை. அந்தப் புகாரை என் கையாலேயே எழுத வைத்தார்கள். உடனே வழக்குப் பதிந்ததற்காக அதிகாரி அம்மா இன்ஸ்பெக்டரைப் பாராட்டிவிட்டுப் போனார். லாரி டிரைவர் உள்ளே போனான். காண்ட்ராக்டருக்கு நெஞ்சுவலி வந்தது. எனக்கு நாற்சந்தி கிடைத்தது: வெயில், புகை, ஒரு விசில்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கத்தினேன்.

"பெரிய முதலையை விட்டுட்டு என்னைப் பிடிச்சுக் குடுத்திருக்கியே."

"அவரு என் வீட்டுல இல்லைங்க," என்றாள். "நீங்க தினமும் அந்த மனுஷன் வாசலைத் தாண்டித்தானே மாடி ஏறினீங்க? அவரு உங்களைப் பார்த்து வணக்கம் வேற வெச்சாரு. ஒரு நாளாவது நின்னீங்களா?"

பதில் யோசித்தேன். வந்ததெல்லாம் இன்ஸ்பெக்டர் சொல்வது போலவே இருந்தது.

சந்தியில் விசில் ஊதி ஊதி என் கன்னம் ஒட்டிப்போன சமயம், இன்ஸ்பெக்டர் ஐயா ஜீப்பை நிறுத்திக் காதோடு ஒரு யோசனை சொன்னார். மனைவி குடும்பத் தகராறில் பொய் சொல்லிவிட்டாள், நான் யாரையும் அலைய விடவில்லை என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். பழைய நாற்காலி திரும்பக் கிடைக்கும். தையல்காரர் வழக்கும் தானாகவே நொண்டும்.

சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதறீங்க?"

"ஆபீஸ் வேலை."

"என்னைப் பொய்க்காரின்னு எழுதற வேலையா? ஜீப் நின்னதைக் கீழ்வீட்டு அம்மா பார்த்தாங்க."

"ஆமா, எழுதறேன். என்ன பண்ணுவே?"

அவள் நிமிரக்கூட இல்லை. "ஒண்ணும் பண்ண மாட்டேன். அதிகாரி அம்மாகிட்ட போய் அந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லிடுவேன்."

என் பேனா நின்றது. இத்தனை வருஷம் எத்தனையோ பேரை எதிரே உட்கார வைத்து விசாரித்தவன் நான். எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

"எது," என்றேன், "அந்த மோட்டார் சைக்கிள் விஷயமா? பிடிச்சு வெச்ச வண்டியை நான் மட்டுமா வித்தேன்? உனக்கு யார் சொன்னது?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பத்தான், நீங்க சொன்னீங்க."